முத்துக்குளித்துறையைத் தொடும் ஆப்பிரிக்க எல்லைகள்

ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்புகள் இணைவதும் உடைவதும் தூத்துக்குடியின் முந்திரி வணிகத்தையும், இந்த மண்ணிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களின் உயிரையும் நேரடியாகத் தொடுகின்றன. அந்தப் பேச்சுகளில் இக்கரைக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி முதல் ஜூன் வரை அறுவடையாகும் முந்திரிக்கொட்டை, அபிஜான், பிசாவு போன்ற துறைமுகங்களில் சாக்குகளில் கட்டப்பட்டுக் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றியோ சூயஸ் வழியாகவோ இந்தியப் பெருங்கடலைக் கடந்து, தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து லாரிகளில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கும், திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்து ஆலைகளுக்கும் அது போய்ச் சேர, வறுத்த கொட்டையை உடைத்து, பருப்பின் மேல்தோலை நீக்கி, முழுப்பருப்பையும் உடைசலையும் தரம் பிரிக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்கின்றனர். அக்டோபரில் அறுவடை தொடங்கும் தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்து வரும் கொட்டை, ஆண்டின் எஞ்சிய மாதங்களில் இதே ஆலைகளுக்கு வேலை கொடுக்கிறது. உள்நாட்டு விளைச்சல் ஆலைகளின் தேவைக்குப் போதாத இத்தொழிலில், ஆப்பிரிக்கக் கொட்டை ஒரு பருவம் வராமல் போனால் அந்தப் பெண்களின் கூலியும் அந்தப் பருவத்தில் நின்றுபோகிறது.

அந்தக் கொட்டை எந்த எல்லையைக் கடந்து எந்தத் துறைமுகத்துக்கு வரலாம், அதன்மேல் எவ்வளவு ஏற்றுமதி வரி, அது வரும் சாலையில் யாருடைய துப்பாக்கி நிற்கிறது என்பவையெல்லாம் அக்ராவிலும் அபுஜாவிலும் அடிஸ் அபாபாவிலும் கூடும் தலைவர்களின் பேச்சில் தீர்மானமாகின்றன. ஆப்பிரிக்க ஒருங்கிணைப்பு, ஆப்பிரிக்கப் பாதுகாப்பு என்று இரு தனித் தலைப்புகளில் செய்தித்தாள்கள் எழுதும் இவ்விரண்டும், தூத்துக்குடியிலிருந்து பார்க்கும்போது ஒரே விவகாரமாகவே தெரிகின்றன. சுங்கச் சாவடியைக் காக்க முடியாத அரசு சந்தையையும் காக்க முடியாது. சந்தை கைவிட்ட ஊரில் ஆயுதக்குழுவுக்கு ஆள் கிடைப்பதும் எளிது.

ஒரு கண்டம், எட்டு கூட்டமைப்புகள்

1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் பிறந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, 2002 ஜூலையில் டர்பன் நகரில் ஆப்பிரிக்க ஒன்றியமாக உருமாறியது. இந்த ஒன்றியம் கண்டம் முழுவதற்குமான தலைமை அமைப்பு என்றாலும், அன்றாட வணிகமும் படையனுப்புதலும் பெரும்பாலும் அதற்குக் கீழுள்ள வட்டாரப் பொருளாதாரக் குழுமங்களின் வழியாகவே நடக்கின்றன. ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அத்தகைய குழுமங்கள் எட்டு. அவற்றுள் 1975இல் லாகோஸ் ஒப்பந்தத்தால் அமைந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் குழுமமான எக்கோவாஸ், கிழக்கு ஆப்பிரிக்கக் குழுமம், தென்னாப்பிரிக்க வளர்ச்சிக் குழுமம் ஆகிய மூன்றும் தூத்துக்குடியின் சரக்கோடு நேரடித் தொடர்புடையவை.

ஒரே நாடு இரண்டு மூன்று குழுமங்களில் உறுப்பினராக இருப்பது இந்த ஏற்பாட்டின் நெடுநாள் சிக்கல். காங்கோ சனநாயகக் குடியரசு கிழக்கு ஆப்பிரிக்கக் குழுமத்திலும் தென்னாப்பிரிக்க வளர்ச்சிக் குழுமத்திலும் ஒருசேர இருப்பதால், அதன் கிழக்குப் பகுதியில் எம்23 கிளர்ச்சிப்படை முன்னேறியபோது முதலில் ஒரு குழுமம் படையனுப்பி விலக, அடுத்த குழுமம் தன் படையை அனுப்ப, அப்படை அங்கே இருக்கும்போதே 2025 ஜனவரியில் கோமா நகரம் கிளர்ச்சியாளர் கையில் விழுந்தது. அதன் பிறகே இரு குழுமங்களின் தலைவர்களும் பிப்ரவரியில் தாருஸ்ஸலாமில் ஒன்றாகக் கூடினர். அந்தக் கூட்டம் ஓராண்டு முன்னதாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, குழுமங்களின் எண்ணிக்கையை ஒருங்கிணைப்பின் அளவுகோலாகக் கொள்ளும் எவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பெட்டிச் செய்தி: கண்டம் தழுவிய சந்தை
ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி என்பது உறுப்பு நாடுகள் தமக்குள் பெரும்பாலான பொருள்களின் சுங்கவரியைப் படிப்படியாக நீக்கிக்கொள்ளும் உடன்பாடு. 2018 மார்ச் 21 அன்று ருவாண்டாவின் கிகாலியில் 44 நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய இந்த உடன்பாடு 2019 மே 30 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் வணிகம் 2021 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்டது. ஒன்றியத்தின் 55 உறுப்பு நாடுகளில் எரித்ரியா நீங்கலாக 54 நாடுகள் கையெழுத்திட்டுள்ளன. செயலகம் கானாவின் அக்ராவில் உள்ளது.

கொட்டையை விற்பதா, பருப்பை விற்பதா?

இந்தப் பொதுச்சந்தையின் உள்ளே தோற்றவிதி என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு பொருள் எந்த நாட்டில் போதிய அளவு உருமாற்றம் பெற்றதோ அந்த நாட்டுப் பொருளாக அதைக் கருதி, ஆப்பிரிக்காவில் உருமாறிய பொருளுக்கு மட்டும் வரிச்சலுகை தருவதே அதன் உள்ளடக்கம். மூலப்பொருளைக் கப்பலேற்றிவிட்டு முடித்த பொருளை இறக்குமதி செய்யும் பழைய முறையை உடைக்க ஆப்பிரிக்க அரசுகள் கண்ட கருவி அது. முந்திரியில் அதன் தாக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. பெனின் அரசு 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியைத் தடை செய்து, குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் அமைந்த ஆலைகளுக்கு அதைத் திருப்பியது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்து உலகில் முதலிடம் வகிக்கும் ஐவரி கோஸ்ட்டும் தன் கொட்டையை உள்நாட்டிலேயே உடைக்கும் பங்கை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தி வருகிறது.

இக்கொள்கையை இந்திய ஆலையாளர் தரப்பில் வணிகத்தடை என்று குறைகூறுவது வழக்கம். அந்தக் குறைகூறலில் ஒரு வரலாறு விடுபட்டுப்போகிறது. 1990களில் மொசாம்பிக் அரசு உலக வங்கியின் வற்புறுத்தலால் உடைக்காத கொட்டைமீதான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, உழவர்களுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. விலை உயர்வின் பெரும்பகுதி இடைத்தரகர்களிடம் தங்கிவிட, கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேற, மொசாம்பிக்கின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களிலும் பெண்கள் மிகுதி. கொல்லத்திலும் குமரியிலும் அந்த ஆண்டுகளில் எரிந்த வறுசட்டிகளில் மொசாம்பிக்கின் நம்புலா ஆலைகள் இழந்த கொட்டையும் இருந்தது. பெனினும் ஐவரி கோஸ்ட்டும் இன்று எடுக்கும் முடிவுக்கு அந்த நினைவு ஒரு நியாயமான அடித்தளம். இந்தத் தென்கரை அதை எதிர்த்து மனுக்கொடுப்பதைவிட அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதே நேர்மையானதும் நடைமுறைக்கு உகந்ததும் ஆகும்.

மாறுவதற்கான வழிகள் இல்லாமல் இல்லை. அங்கே உடைத்து, மேல்தோல் நீக்காமல் அனுப்பப்படும் பருப்பை இங்கே தரம் பிரித்துப் பொதியிடுவது ஒரு வழி. கொல்லம், குமரி ஆலைகளில் பல்லாண்டு பழகிய மேற்பார்வையாளர்களின் கைத்திறனை ஆப்பிரிக்க ஆலைகளோடு கூட்டு முயற்சியாக ஆக்குவது இன்னொரு வழி. இரண்டுக்குமே அரசுகளுக்கிடையிலான உடன்பாடு வேண்டும். பருப்பின் இறக்குமதி வரியைத் தளர்த்தினால் உள்ளூர்த் தொழிலாளருக்கு என்ன ஈடு என்பதைக் கேரள, தமிழக அரசுகள் முன்கூட்டியே பேசி முடிக்கவும் வேண்டும். கூலியை நம்பியிருக்கும் பெண்களிடம் முதலில் பேசாமல் செய்யப்படும் எந்த மாற்றமும் மொசாம்பிக்கில் நடந்ததை இங்கே இன்னொரு முறை நடத்திவிடும்.

முந்திரியோடு இது முடிவதில்லை. தூத்துக்குடியில் இறங்கும் மரத்தடிகளில் ஆப்பிரிக்கத் தேக்குக்கு இடமுண்டு. கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத் தீப்பெட்டிகளுக்கு ஆப்பிரிக்க நாடுகள் நெடுங்காலச் சந்தை. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே செய்த தீப்பெட்டி வரியின்றி எல்லை கடக்கும் நாள் வரும்போது, வரி கட்டி நுழையும் கோவில்பட்டிப் பெட்டியின் விலை அங்கே எப்படி நிற்கும் என்பது சிறுதொழில் சங்கங்கள் இப்போதே கணக்கிட வேண்டிய விஷயம்.

சாஹேலின் விரிசலும் தென்மாவட்டத்துத் தொழிலாளரும்

சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் செனகல் முதல் சூடான் வரை நீளும் வறண்ட நிலப்பட்டைக்கு சாஹேல் என்று பெயர். மாலி, பர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று சாஹேல் நாடுகளிலும் அடுத்தடுத்து இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 ஜூலை 26இல் நைஜரில் நடந்த கவிழ்ப்புக்குப் பின் எக்கோவாஸ் பொருளாதாரத் தடைகளை விதித்துப் படையெடுப்பு எச்சரிக்கையும் விடுத்தபோது, மூன்று ஆட்சிகளும் அதே ஆண்டு செப்டம்பரில் தமக்குள் பாதுகாப்புக் கூட்டணி அமைத்துக்கொண்டு, 2024 ஜனவரி 28 அன்று குழுமத்திலிருந்து விலகுவதாக அறிவித்தன. ஓராண்டு கழித்து, 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் நடமாட்டத்தையும் சரக்குப் போக்குவரத்தையும் உடனே முறித்துவிடாமல் வைத்திருக்க இரு தரப்பும் 2025 மே மாதம் மாலியின் தலைநகர் பமாக்கோவில் பேச்சு தொடங்கின.

மூன்றுமே கடற்கரை இல்லாத நாடுகள். பர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் விளையும் முந்திரி, அபிஜான், லோமே, தேமா போன்ற அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்கு லாரியில் வந்தால்தான் கப்பலேற முடியும். ஐவரி கோஸ்ட்டின் முந்திரி மண்டலமும் பர்கினா ஃபாசோவின் எல்லையை ஒட்டிய வடபகுதியிலேயே இருக்கிறது. அந்த எல்லையிலுள்ள கஃபோலோவில் 2020 ஜூனில் ஐவரி கோஸ்ட் படையினர்மேல் நடந்த தாக்குதல், சாஹேல் போர் தோப்புகளின் வாசலுக்கு வந்துவிட்டதைக் காட்டியது. பெனினின் வடபகுதியும் அதே போரில் சிக்கியது. 2025 நவம்பர் 26இல் கினி-பிசாவுவில் தேர்தல் முடிவு அறிவிக்கப்படும் முன்னரே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 7இல், பெனினில் நடந்த கவிழ்ப்பு முயற்சி நைஜீரியாவின் போர் விமானங்களும் எக்கோவாஸ் படையும் தலையிட்டதால் தோற்றது. கினி-பிசாவுவின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ முழுவதும் முந்திரியிலிருந்தே வருகிறது. அந்நாட்டுக் கொட்டைக்கு இந்தியா முதன்மையான வாங்குநர்களில் ஒன்று. ஆட்சி மாறிய நாட்டின் உழவர் அடுத்த அறுவடைக்கு என்ன விலை பெறுவார் என்பது, பிசாவுவைப் போலவே தூத்துக்குடியிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

விலையைவிடப் பெரிய இழப்பு மனிதரில் நேர்ந்தது. 2025 நவம்பர் 6 அன்று மாலியின் மேற்குப் பகுதியில் கோப்ரி என்னும் ஊரருகே, மின்மயமாக்கல் பணியில் ஈடுபட்டிருந்த ஐந்து இந்தியத் தொழிலாளர்களை ஆயுதம் தாங்கிய கும்பல் கடத்திச் சென்றது. அவர்கள் தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூலை 1 அன்று, அதே மேற்கு மாலியின் காயேஸ் நகரில் சிமென்ட் ஆலை ஒன்றில் வேலை பார்த்த மூன்று இந்தியர் கடத்தப்பட்டிருந்தனர். 2017இல் பல குழுக்கள் இணைந்து உருவான, அல்காய்தாவுடன் தொடர்புடைய ஜேஎன்ஐஎம் அமைப்பு, 2025 செப்டம்பர் முதல் மாலிக்குள் எரிபொருள் லாரிகள் வராமல் முற்றுகையிட்டுத் தலைநகரைத் திணறடித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சுப் படை 2022இலும் ஐ.நா. அமைதிப்படை 2023 இறுதியிலும் வெளியேறியிருந்தன. எக்கோவாஸின் கூட்டுப்படையை அழைக்கும் உறவும் முறிந்திருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் இருந்ததாகக் கருதப்பட்ட ஆபத்து, செனகல் எல்லையை ஒட்டிய மேற்கு வரை பரவியதை அறியாமலேயே கம்பத்தில் ஏறி மின்கம்பி இழுக்கப் போன தென்மாவட்டத்துத் தொழிலாளிக்கு, குழுமத்தின் உடைவு என்பது தொலைதூர அரசியலாக இருக்கவில்லை.

எழுபத்தெட்டாம் பாகை

ஆப்பிரிக்காவின் பாதுகாப்புச் சீர்குலைவு இக்கரைக்கு வந்தது இது முதன்முறை இல்லை. 1991இல் சோமாலியாவின் மத்திய அரசு வீழ்ந்தபின், காவலற்ற அந்நாட்டுக் கடலில் வெளிநாட்டு இழுவைப் படகுகள் மீனை அள்ளிச் சென்றதும், அதற்கு எதிரானதாகச் சொல்லிக்கொண்டு எழுந்த படகுக் குழுக்கள் கப்பல்களைச் சிறைபிடித்துப் பணம் பறிக்கும் தொழிலாக மாறியதும் உலகறிந்தவை. 2011இல் மட்டும் சோமாலியக் கொள்ளையரின் தாக்குதல்களாக 237 பதிவாயின. கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டாளரும் சேர்ந்து வகுத்த உயர் ஆபத்துக் கடற்பகுதியின் கிழக்கெல்லை, அந்த ஆண்டுகளில் 78 பாகை கிழக்கு நெடுங்கோடுவரை தள்ளப்பட்டது. தூத்துக்குடி நகரம் ஏறத்தாழ அதே நெடுங்கோட்டில் அமைந்திருக்கிறது. அரபிக்கடல் முழுவதும் கொள்ளையர் கடலாகக் கணக்கிடப்பட்டதால், இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. தனியார் ஆயுதக் காவலரை ஏற்றிய கப்பல்கள் மீனவர் வலை வீசும் கடலுக்குள் புகுந்தன.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல்மைல் தொலைவில், செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகின்மேல் என்ரிகா லெக்சி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் கடற்படைக் காவலர்கள், கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். பன்னாட்டு நடுவர் மன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் ஓர் அரசு இல்லாமல் போனதன் விலையைக் குமரி மாவட்டத்தின் ஒரு மீனவக் குடும்பம் கொடுத்தது.

மீனவர் சுடப்பட்டதற்கு அடுத்த ஆண்டான 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கே வந்தது ‘சீமேன் கார்டு ஓகியோ’ கப்பல். கொள்ளையரை எதிர்க்க வணிகக் கப்பல்களுக்கு ஆயுதக் காவலரை வழங்கும் நிறுவனங்கள், துறைமுகங்களுக்குள் ஆயுதத்தோடு நுழையத் தடை இருப்பதால், நடுக்கடலில் ஒரு கப்பலையே ஆயுதக்கிடங்காக நிறுத்தி ஆட்களையும் துப்பாக்கிகளையும் மாற்றிக்கொள்ளும். அத்தகைய மிதக்கும் ஆயுதக்கிடங்கு அது. அமெரிக்க நிறுவனத்துக்கு உரிய அந்தக் கப்பலின் கொடி மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுடையது.

பெட்டிச் செய்தி: தூத்துக்குடி கண்ட கப்பல் வழக்கு
2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை ‘சீமேன் கார்டு ஓகியோ’வை இடைமறித்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பலில் மாலுமிகள் 10 பேரும் காவலர்கள் 25 பேருமாக 35 பேர் இருந்தனர். அவர்களுள் எஸ்தோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டானியர் 6, உக்ரைனியர் 3. முப்பத்தைந்து துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களும் கைப்பற்றப்பட, வழக்கை கியூ பிரிவு போலீசார் நடத்தினர். ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீக்கியது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி விசாரணைக்கு ஆணையிட்டது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது.

நான்காண்டு நீண்ட அந்த வழக்கில் அரசுகள் செய்யத் தவறிய காவலைத் தனியார் கையில் விட்டதன் குழப்பம் முழுவதும் வெளிப்பட்டது. யாருடைய கடல், யாருடைய கொடி, யாருடைய சட்டம் என்பதற்கு ஒவ்வொரு நீதிமன்றமும் வெவ்வேறு விடை கண்டது. உயர் ஆபத்துப் பகுதியின் எல்லையை 65 பாகைக்குத் திருப்பும்படி இந்தியா வற்புறுத்தி, 2015 டிசம்பரில் அதைச் சாதித்தது. கொள்ளையரை விசாரிக்கத் தனிச்சட்டம் இல்லாத குறையும் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தால் நீங்கியது.

அச்சட்டம் பயன்படும் நாள் விரைவிலேயே வந்தது. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது, வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் அங்கே குவிய, சோமாலியக் கடலில் கொள்ளை மீண்டும் தலைதூக்கியது. 2024 மார்ச்சில் ‘ரூயென்’ என்ற சரக்குக் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா நாற்பது மணி நேரம் துரத்திச் சுற்றிவளைத்து, 17 மாலுமிகளை மீட்டு, 35 கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்தது. சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களால் ஐரோப்பாவுக்குச் செல்லும் திருப்பூர் ஆடைக் கொள்கலன்களின் பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டு, தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களின் சரக்குக் கட்டணம் உயர்ந்தது. இதற்கிடையே சோமாலியா 2024 மார்ச்சில் கிழக்கு ஆப்பிரிக்கக் குழுமத்தின் முழு உறுப்பினரானது. கென்யாவோடும் தான்சானியாவோடும் ஒரே சுங்க ஒன்றியத்துக்குள் வரும் சோமாலியாவுக்கு, கடற்காவல் என்பது அண்டை நாடுகளின் பொது வருவாயைக் காக்கும் பணியாகவும் ஆகிறது. 2025 ஜனவரியில் புதிய பெயரில் தொடங்கிய ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கு நிதி திரட்ட முடியாமல் அந்நாட்டில் அல்ஷபாப் ஆயுதக்குழு மீண்டும் முன்னேறினால், அந்தச் சுங்க ஒன்றியம் தாளோடு நின்றுவிடும்.

முத்துப்பாரில் நடந்த பேச்சுகள்

வணிக உரிமையும் காவலும் ஒரே பேச்சில் முடிவாவது இக்கரைக்குப் பழைய அனுபவம். 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர், தம் முத்துப்பார்களையும் உயிரையும் காக்கப் போர்த்துக்கீசியரின் துணையை நாடியபோது, அந்தப் படைகள் மொசாம்பிக் தீவில் நங்கூரமிட்டு வந்தவை. ஆப்பிரிக்கக் கிழக்குக்கரையும் தூத்துக்குடியும் அப்போது கோவாவிலிருந்து ஆளப்பட்ட ஒரே கடல் ஆட்சியின் இரு முனைகள். அதே கப்பல்கள்தாம் பிரேசிலின் முந்திரியை மொசாம்பிக்கிலும் இந்தியாவின் மேற்குக்கரையிலும் நட்டன. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபின், முத்துக்குளிப்பில் மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவர் சாதித்தலைவருக்கும் எத்தனை குளிகற்கள் வரியின்றி உரியவை என்பது ஒவ்வொரு முறையும் பேசித் தீர்க்கப்பட்டது. குளிப்பவர் மூழ்க உதவும் கல்லின் கணக்கே பங்கின் கணக்கு. காவற்படகு யாருடையது என்ற கேள்வி அந்தக் கணக்கோடு சேர்ந்தே வந்தது. பார்கள் வறண்டு 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பங்குக் கணக்கில் குளித்தவரின் பங்கே எப்போதும் குறைவாக இருந்தது என்பது மட்டும் முந்திரி உழவரின் விலையைப் பேசும்போது மறக்கக்கூடாதது.

புதுடெல்லியின் மேசையில் விடுபடுவது

இந்திய-ஆப்பிரிக்க மன்ற உச்சிமாநாடுகள் 2008இல் புதுடெல்லியிலும் 2011இல் அடிஸ் அபாபாவிலும் 2015இல் மீண்டும் புதுடெல்லியிலும் கூடின. மூன்றாவது மாநாட்டுக்கு 54 ஆப்பிரிக்க நாடுகளும் வந்தன. அதன்பின் நேர்ந்த நெடிய இடைவெளியில், 2023 செப்டம்பர் 9 அன்று புதுடெல்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20 அமைப்பின் நிரந்தர உறுப்பினரானதும், 2025 ஏப்ரலில் தாருஸ்ஸலாமில் தான்சானியாவோடு இணைந்து ஆப்பிரிக்க நாடுகளின் கடற்படைகளோடு இந்தியா முதன்முறையாக நடத்திய கூட்டுப்பயிற்சியும் மெச்சத்தக்கவை. கடலைப் பொறுத்தவரை இந்தியா தெளிவாகச் சிந்திக்கிறது. கரையைத் தாண்டி உள்நாட்டுச் சாலைகளிலும் மின்கம்பங்களிலும் வேலை பார்க்கும் இந்தியரைப் பொறுத்தவரை அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்முன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும்; வேலை ஒப்பந்தமும் காப்பீடும் அப்போது சரிபார்க்கப்படும். வளைகுடா நாடுகளை மையமாக வைத்து வகுத்த அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்காவிலிருந்து லிபியா, சூடான், தெற்கு சூடான் மட்டுமே உள்ளன. மாலி இல்லை, பர்கினா ஃபாசோவும் நைஜரும் இல்லை. சாஹேலில் மின்பாதையும் சாலையும் அமைக்கும் ஒப்பந்தங்களை இந்திய நிறுவனங்கள் பெறுவது கூடிவரும்போது, கயத்தாறு, புளியங்குடி போன்ற ஊர்களிலிருந்து அங்கே போகும் இளைஞரின் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கச் சட்டப்படி எந்த அலுவலகத்துக்கும் கடமை இல்லை. 2025இல் வெளியுறவு அமைச்சகம் பொதுக்கருத்துக்கு வெளியிட்ட புதிய குடிபெயர்வுச் சட்ட வரைவு இந்தக் குறையை நீக்குவதற்கான வாய்ப்பு. எந்த நாடு ஆபத்தானது என்ற பட்டியலைச் சட்டத்தில் நிலையாக எழுதிவைக்காமல், எக்கோவாஸும் ஆப்பிரிக்க ஒன்றியமும் வெளியிடும் பாதுகாப்பு மதிப்பீடுகளைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறையேனும் திருத்தும் ஏற்பாடும், ஒப்பந்த நிறுவனமே மீட்புச் செலவுக்கும் குடும்பத்தின் மாதச் செலவுக்கும் பிணைத்தொகை கட்டும் ஏற்பாடும் அதில் இடம்பெற வேண்டும். அந்த விதிகளை எழுதும் குழுவில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஓர் இருக்கை கேட்பது, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யக்கூடிய வேலை.